55 மில்லிஅம்பியரின் ஒரு கிழமைக் கணக்கு

கார் இருந்தும் தினமும் எடுக்காத வீடுகள் தெல்தோட்டையில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கண்டி வழியில் கலஹா வரை ஓர் ஓட்டம். மற்ற ஆறு நாளும் வீட்டோரத்தில் நிற்கும். அடுத்த ஞாயிறு சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும்தான். மலை ரோடு என்பதால் பள்ளத்தில் உருட்டி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டு எழுப்பிவிடுகிறார்கள். அப்புறம் புதுப் பெட்டரி. கொஞ்ச மாதத்தில் அதுவும் அதே வழி போகிறது. அளந்து பார்க்காமல் பெட்டரி மாற்றுவது வீண் செலவு. கணக்கைப் பார்த்தால் தெரியும்.

அல்டோ போன்ற சிறிய காரின் பெட்டரி சுமார் 35 அம்பியர் மணி. பாதிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்பதால் கையிருப்பு 17.5 என்று கொள்வோம். நிறுத்தி வைத்த காரிலும் மணிக்கூடு, ரேடியோவின் ஞாபகம், எஞ்சின் கணினி எல்லாம் சேர்ந்து சுமார் 30 மில்லிஅம்பியர் இழுக்கும். நாளொன்றுக்கு 0.72 அம்பியர் மணி. 24 நாள் தாங்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொதுவாக 50 வரை போகலாம்.

வெளியே வாங்கிப் பூட்டிய அலாரம் 25 எடுத்தால் மொத்தம் 55. ஏழு நாளில் 9.24 அம்பியர் மணி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் ஓடி, பெட்டரிக்கு 15 அம்பியர் போய்ச் சேர்ந்தாலும் திரும்பி வருவது 7.5 தான். பெட்டரி நிறைய நிறைய அது ஏற்கும் அளவும் குறையும். பனிமூட்டத்தில் இரண்டு ஹெட்லைட்டையும் போட்டால் 110 வாட், அதாவது சுமார் 8 அம்பியர் அங்கே போகும். வைப்பர் தனி. ஒவ்வொரு கிழமையும் மிச்சம் விழும் கடன் சேர்ந்து, ஒரு நாள் செல்ஃப் மோட்டார் சுற்றாது. பழி மட்டும் ஸ்டார்ட் பண்ணுவதன் மேல் விழும். 150 அம்பியர் 2 செக்கன் இழுத்தாலும் அதற்குப் போவது 0.083 அம்பியர் மணிதான்.

கோளாறு என்று வந்தால் எண்கள் வேறு மாதிரி. டிக்கிக்குள் அணையாமல் எரியும் 5 வாட் பல்ப் 0.42 அம்பியர், நாளுக்கு 10 அம்பியர் மணி. சனி இரவு நிறுத்திய கார் திங்கள் பின்னேரத்துக்குள் பாதி காலி. நிறுத்திய பிறகும் பதிவு செய்யும் டாஷ் கெமரா 250 மில்லிஅம்பியர் எடுத்தால் மூன்று நாள்கூடத் தாங்காது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், பெட்டரி இறங்குவதன் விலை பளிச்சென்று தெரிந்தது. கியூஆர் பங்கீட்டு முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 450 ரூபா. பெட்டரிக்கு உயிர் கொடுக்க எஞ்சினை நின்ற இடத்தில் 2 மணித்தியாலம் ஓடவிட்டால், மணிக்கு 0.6 லீற்றர் வீதம் 1.2 லீற்றர், 540 ரூபா. கோட்டாவில் 6 சதவீதம். அதே 17.5 அம்பியர் மணியைச் சார்ஜரில் ஏற்ற ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கு அளவே போதும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே ரோட்டில் ஓடுவதில் பெரும்பகுதி பழைய வயர்கள், பின்னால் பூட்டிய சாமான்கள்.

கரண்ட் இழுப்பது எது என்று, தோட்டத்தில் செக்ரோல் எடுப்பது போல ஒவ்வொன்றாகப் பேர் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை 10 அம்பியர் துவாரத்துக்கு மாற்றி, பெட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரைப் பொருத்துங்கள். கதவைத் திறந்து வைப்பதென்றால் அதன் பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள்; இல்லாவிட்டால் உள் லைட் எரிந்து கணக்கைக் கெடுக்கும். முதலில் 2, 3 அம்பியர் காட்டினால் பயப்பட வேண்டாம். கணினிகள் தூங்க 20 முதல் 40 நிமிடம் ஆகும். பிறகு 0.05-க்குக் கீழே இறங்கினால் சரி, 0.40-இல் நின்றுவிட்டால் எங்கேயோ கரண்ட் இழுக்கிறது. மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும்.

பியூஸ்களைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பது பழைய வழி. கழற்றி மாட்டும்போது தூங்கும் கணினி விழித்துக்கொள்வதுதான் அதில் தொல்லை. பியூஸின் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துத் தொடுவதே எனக்குப் பிடித்த முறை. 10 அம்பியர் பியூஸில் 0.4 அம்பியர் ஓடினால் சுமார் 3 மில்லிவோல்ட் காட்டும். கரண்ட் ஓடாததில் பூச்சியம்.

எந்தப் பியூஸும் காட்டிக்கொடுக்கவில்லையா? அப்படியானால் ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகியுங்கள். பெட்டரியைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை எடுத்து நுனியில் டேப் சுற்றி, மறுபடி அளந்தால் புலப்படும். பல கராஜ் பாஸ்மார் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள், இங்கேதான் புதுப் பெட்டரி அநியாயமாகச் சாகிறது. அக்வா, பிரியஸ் போன்ற ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் 12 வோல்ட் பெட்டரியைப் பெரும்பாலும் காரின் பின்பகுதியில் தேட வேண்டும். இந்தக் கார்களைத் தள்ளி எழுப்பவும் முடியாது.

இழுப்பு 50-க்குள் இருந்தும் கார் படுத்தால்தான் பெட்டரியைக் குற்றம் சொல்லலாம். முழுக்க ஏற்றி, ஓர் இரவு சும்மா வைத்து அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதி. மூடி திறக்கும் வகையானால் ஹைட்ரோமீட்டரில் ஆறு அறையையும் பாருங்கள்: நிறைந்த அறை 1.265 அளவில் நிற்கும். ஐந்து அறை 1.260, ஓர் அறை மட்டும் 1.180 என்றால் அந்த அறை போய்விட்டது. எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது திரும்பாது, மாற்றத்தான் வேண்டும்.