கட்டளைத் திரையின் முன்னே மாணவர்

விண்டோஸ் கணினியிலே எழுத்து வேலையும் கணக்கு வேலையும் திறம்படச் செய்து பழகிய மாணவர் ஒருவரை, லினக்ஸ் கணினியொன்றின் கட்டளைத் திரைக்கு முன்னே இருத்திப் பாருங்கள். கரிய திரை, அதிலே மினுங்கிக்கொண்டிருக்கும் சிறு குறியொன்று. அழுத்துவதற்குப் படமில்லை, திறப்பதற்குப் பட்டியலில்லை. இத்தனை காலமும் கற்றதெல்லாம் பயனற்றுப் போயிற்றோ என்று அவர் மலைத்து நிற்பார். அம்மலைப்பைப் போக்குவது எங்ஙனம் என்பதையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம்.

லினக்ஸ், யூனிக்ஸ் மரபிலே வந்த பணிசெயல் முறைமை. 1969ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோரும் அவர்தம் தோழரும் யூனிக்ஸை ஆக்கத் தொடங்கினர். அக்காலத்தில் வண்ணத் திரையும் சுட்டியும் அவர்கள் கையில் இருக்கவில்லை. தட்டச்சுப் பொறி போன்றதொரு கருவியிற் கட்டளையை எழுதி, விடையைத் தாளிற் பெற்றனர். கருவியோ மெதுவானது. கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருங்கியமைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

ஏவிய வேலை செவ்வனே முடிந்தால் வாய் திறவாதிருப்பதும் அம்மரபின் இயல்பே. கட்டளையிட்ட மாணவர், 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று ஏங்குவார். இம்மௌனத்தின் பொருள் 'வேலை முடிந்தது' என்பதே. இதனை ஆசிரியர் முதல் நாளிலேயே சொல்லிவிடின் பாதி அச்சம் தீர்ந்துவிடும்.

வேறு சிலவற்றையும் முன்கூட்டியே சொல்லுதல் நன்று. 'சி', 'டி' எனப் பிரிவுகளைத் தனித்தனியே காண்பது விண்டோஸ் வழக்கம். யூனிக்ஸிலோ வேர் ஒன்றே. கோப்புறைகள் யாவும் அவ்வொரு வேரிலிருந்து கிளைத்த கிளைகளே. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும். 'ஆர்-எம்' என்னுங் கட்டளையால் அழித்த கோப்பு குப்பைக்கூடைக்குச் செல்வதில்லை. அதனை மீட்பது அரிது. அச்சமூட்டுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கருவி கூரியதாயின் கையும் கவனமாயிருத்தல் வேண்டுமன்றோ?

நிற்க, இத்துணைத் தொல்லையால் வரும் பயன் யாதென்று கேட்போருக்கு ஓர் உதாரணங் கூறுவோம். ஒரு பாடசாலையின் மாணவர் பெயரும் ஊரும் ஆயிரம் வரிகளில் ஒரு கோப்பாக உள்ளன. அவருட் பருத்தித்துறையார் எத்தனை பேர்? 'கிரெப்' என்னுங் கட்டளை அவ்வூர்ப் பெயருள்ள வரிகளைத் தெரிந்தெடுக்கும். 'டபிள்யூ-சி' என்பது வரிகளை எண்ணும். இரண்டுக்கும் நடுவே நெடுங்கோடு ஒன்றை இட்டால், முன்னதன் விடை பின்னதற்குத் தானே சென்று சேரும். 'குழாய்' எனப்படும் இவ்வசதி, டக்ளஸ் மக்கில்றோயின் கருத்தையேற்று 1973இல் யூனிக்ஸிலே சேர்க்கப்பட்டது. தனித்தனியே சிறியனவாகிய கருவிகளைத் தொடுத்துப் பெரிய வேலையை முடிக்கும் இவ்விரகை ஒருமுறை கண்ட மாணவர் பின்பு கட்டளைத் திரையை வெறுப்பதில்லை.

யூனிக்ஸை மாணவருக்குப் புகட்டியவர்களுள் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஜோன் லயன்ஸ் மறக்கற்பாலரல்லர். 1976இல் அவர், பத்தாயிரம் வரிகளுக்கு உட்பட்ட யூனிக்ஸ் கருவின் நிரலை மாணவர் கையிற் கொடுத்து, அதற்கு விளக்கவுரையும் எழுதினார். ஒரு பணிசெயல் முறைமையை முதலிலிருந்து முடிவுவரை ஒருவர் படித்தறியலாம் என்பதை அவர் காட்டினார். ஆயின் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிம விதி, நிரலை வகுப்பிற் கற்பிப்பதைத் தடுத்தது. லயன்ஸின் நூலோ படிக்குமேற் படியெடுக்கப்பட்டு மாணவரிடையே மறைவாக உலவியது. 1996இலேதான் அது முறைப்படி நூலாக வெளிவந்தது.

அத்தடையின் பின்னர், அம்ஸ்ரடாமிற் பேராசிரியராயிருந்த அன்ட்ரூ தனன்போம் மாணவருக்கென்றே 'மினிக்ஸ்' என்னும் சிறு முறைமையை எழுதி 1987இல் வெளியிட்டார். அதனைப் பயின்ற ஹெல்சிங்கி மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார். இன்று அன்ட்ரொயிட் கைப்பேசிகளின் உள்ளே இயங்குவது லினக்ஸ் கருவே. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியலிலே, 2017 நவம்பர் முதல் இடம்பெற்றவை யாவும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஒரு வகுப்பறையிலே நிரல் திறந்து காட்டப்படுமா, மூடி வைக்கப்படுமா என்ற வினா எத்துணைப் பெரியதென்பது இதனாற் புலப்படும்.

ஆதலின் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நாம் கூறுவது இது: விண்டோஸைப் பழிக்க வேண்டாம், அதிலே பெற்ற பழக்கமுங் கல்வியே. கட்டளைகளின் நீண்ட பட்டியலைக் கொடுத்து மனனஞ் செய்விக்கவும் வேண்டாம். மாணவர் விண்டோஸிலே செய்து பழகிய வேலையொன்றை, ஒரு கோப்பைப் படியெடுத்தலையோ பெயர் மாற்றுதலையோ, இங்கேயுஞ் செய்யச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் 'மான்' என்னுங் கட்டளையாற் கைந்நூலைத் திறக்கப் பழக்குங்கள். வீட்டுக் கணினியை மாற்றத் தயங்குவோர், யூ.எஸ்.பி. நினைவகமொன்றிலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். கவனமாகக் கையாண்டால் உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஊறு நேராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிழைச் செய்தி தோன்றியதும் திரையை மூடிவிடாது, அதனை நிதானமாக ஒருமுறை வாசிக்கப் பழக்குதல் வேண்டும். என்ன பிழை நேர்ந்ததென்பது பெரும்பாலும் அவ்வொரு வரியிலேயே எழுதப்பட்டிருக்கும்.