மின்சார வண்டியில் குளிர்பெட்டி: சரக்கும் கெடக் கூடாது, வண்டியும் நிற்கக் கூடாது

நோர்வூட்டில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மஸ்கெலியாவுக்கும் மற்றது பொகவந்தலாவைக்கும் போகிறது. இந்த இரண்டு பாதைகளில் இருந்தும் கிளை பிரிந்து மேலே ஏறும் தோட்டப் பாதைகளை நம்பித்தான் டவுன் வியாபாரிகள் பலரின் சீவனம் நடக்கிறது. கோழி, மீன், யோகட், ஐஸ்கிறீம் என்று எதைக் கொண்டு போனாலும் லயன் வாசலில் வாங்குவதற்கு ஆள் உண்டு. சம்பள நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் மேல் டிவிசனுக்குப் போய்ச் சேரும் போது மத்தியானம் ஆகி விடும். ரெஜிபோம் பெட்டியில் போட்ட ஐஸ் தண்ணீராகி, கோழி அந்தத் தண்ணீரில் மிதக்கத் தொடங்கி விடும். மிஞ்சியதை அரை விலைக்குத் தள்ளி விட்டு வந்த அனுபவம் இல்லாத வியாபாரி இந்தப் பக்கத்தில் குறைவு.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல. 1938ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஒரு லொறி நிறைய கோழி இறைச்சி ஐஸ் உருகிக் கெட்டுப் போனதாம். அந்த நட்டத்தைப் பற்றிய பேச்சில் இருந்துதான், கறுப்பினத்தைச் சேர்ந்த பிரடெரிக் ஜோன்ஸ் என்ற மெக்கானிக் லொறிக்குப் பொருத்தும் குளிரூட்டியை உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. இன்று தெர்மோ கிங் என்ற பெயரில் உலகமெங்கும் ஓடும் குளிர் லொறிகளின் ஆரம்பம் அதுதான். நமக்கு லொறி அளவுக்குத் தேவையில்லை. நாற்பது, ஐம்பது லீற்றர் பிடிக்கும், 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் குளிர்பெட்டி ஒன்று போதும்.

2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசையில் நின்று களைத்தவர்கள் அப்போதே மின்சார வண்டிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்து விடப்பட்டது. அதன் பிறகு மின்சாரக் கார்களும் முச்சக்கர வண்டிகளும் மலையகப் பாதைகளிலும் கண்ணில் படுகின்றன. "இதிலேயே ஒரு பிரிட்ஜை மாட்டி விட்டால் என்ன?" என்று கேட்கும் சகோதரர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான். பிரிட்ஜ் கரண்டைக் குடித்து விடாதா? பாதி வழியில் வண்டி நின்று விட்டால் என்ன செய்வது?

கணக்குப் பார்ப்போம். கம்பிரஸர் உள்ள சின்னக் குளிர்பெட்டி ஓடும் போது சுமார் 45 வொட் எடுக்கும். அது எப்போதும் ஓடிக் கொண்டிருப்பதில்லை. தேவையான குளிர் வந்ததும் தானாக நின்று, பிறகு மீண்டும் ஓடும். நோர்வூட் போன்ற குளிரான இடத்தில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தாலே தாராளம். காலை ஆறு மணி முதல் பகல் இரண்டு மணி வரை எட்டு மணித்தியாலத்துக்கு 180 வொட் மணி வருகிறது. மின்சார பில்லில் வரும் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. லிதியம் பற்றரி உள்ள முச்சக்கர வண்டிகளில் ஏழு யூனிட்டுக்கு மேல் கொள்ளும் வண்டிகள் இருக்கின்றன. கார்களில் இருபது, முப்பது, அதற்கும் மேல்.

இனி மேட்டின் கணக்கு. ஆளும் சரக்குமாக 700 கிலோ எடையுள்ள வண்டி 300 மீற்றர் உயரம் ஏறினால், அந்த ஏற்றத்துக்கு மட்டும் முக்கால் யூனிட்டுக்குக் கிட்டச் செலவாகும். நாள் முழுதும் பிரிட்ஜ் எடுப்பதைப் போல அது நாலு மடங்கு! ஆகவே வண்டியின் ஓட்டத்தைத் தின்பது மலைதான். பிரிட்ஜின் மீது பழி போட வேண்டாம்.

சின்னப் பற்றரிதான் பெரிய ஆபத்து

அப்படியென்றால் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது. பலரும் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது.

மின்சாரக் காரில் பற்றரி ஒன்றல்ல, இரண்டு. சில்லைச் சுழற்றுவது பெரிய பற்றரி. அதைத் தவிர, பெற்றோல் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் சின்னப் பற்றரியும் உள்ளே இருக்கிறது. லைட், ஹோர்ன், கதவுப் பூட்டு, கொம்பியூட்டர் எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. சிகரட் லைட்டர் துவாரமும் அதனோடு சேர்ந்ததே. வண்டியை ஓன் செய்ததும் பெரிய பற்றரியைத் திறந்து விடும் ரிலே கூடச் சின்னப் பற்றரியின் சக்தியில்தான் வேலை செய்கிறது.

வண்டி ஓனில் இருக்கும் வரை பெரிய பற்றரி சின்னதற்குச் சார்ஜ் கொடுத்துக் கொண்டே இருக்கும். நிறுத்தி விட்டால் பெரும்பாலான வண்டிகளில் அது நின்று விடும். நிறுத்திய வண்டியில் துவாரத்துக்குக் கரண்ட் வருகிறதா இல்லையா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். கரண்ட் நிற்கும் வண்டியென்றால், நீங்கள் கடன் கொப்பியோடு லயனுக்குப் போய் வருவதற்குள், அல்லது பள்ளியில் லுஹர் தொழுது விட்டு வருவதற்குள் பெட்டி சூடேறத் தொடங்கி விடும். கரண்ட் நிற்காத வண்டியென்றால் பிரிட்ஜ் சின்னப் பற்றரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் கொண்டிருக்கும். இரவு முழுக்க அப்படியே விட்டால் காலையில் வண்டி எழும்பாது. பெரிய பற்றரி முழுசாக நிறைந்திருக்கும், வண்டி அசையாது. கடை நிறையச் சாமான் இருந்தும் சாவி தொலைந்து போனது மாதிரி.

2015 அளவில் இலங்கைக்கு நிறைய வந்த நிசான் லீஃப் போன்ற கார்கள் இன்று இரண்டாம், மூன்றாம் கைக்கு மாறி ஓடுகின்றன. பழைய காரை வாங்கியவர்கள் பெரிய பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் கோடுகளை எண்ணிப் பார்க்கிறார்கள், சின்னப் பற்றரியை யாரும் பார்ப்பதில்லை. பிரிட்ஜ் மாட்டுவதற்கு முன் அதைப் பரிசோதிக்கக் கொடுங்கள். பழசென்றால் மாற்றுங்கள். காரில் செம்மஞ்சள் நிற உறையோடு ஓடும் வயர்களில் மட்டும் யாரையும் கை வைக்க விட வேண்டாம். அது ஆளைக் கொல்லும் வோல்ட்.

பிவைடி அட்டோ 3 போன்ற சில புதிய கார்களில் பெரிய பற்றரியில் இருந்தே 230 வோல்ட் வெளியே எடுக்கும் வசதி உண்டு. அது இருப்பவருக்கு இந்தத் தலையிடி அனேகமாக இல்லை. ஆனால் அந்த விலைக்குக் கார் வாங்கியவர் கோழி விற்கத் தோட்டம் ஏறப் போவதும் இல்லை!

முச்சக்கர வண்டியில் செய்யக் கூடாத வேலை

முச்சக்கர வண்டியின் கதை வேறு. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

மலிவான மின்சார முச்சக்கர வண்டிகளில் நாலு அல்லது ஐந்து 12 வோல்ட் ஈயப் பற்றரிகளைத் தொடராக இணைத்து 48 அல்லது 60 வோல்ட் எடுக்கிறார்கள். பிரிட்ஜுக்குத் தேவை 12 வோல்ட். வயர் வேலை செய்யும் பொடியன் என்ன நினைக்கிறான்? "இதோ இருக்கிறது 12 வோல்ட்" என்று நாலில் ஒரு பற்றரியில் இருந்து மட்டும் இழுத்துக் கொடுத்து விடுகிறான். பிரிட்ஜ் ஓடும், அன்றைக்கு எல்லாம் நல்லாகவே தெரியும். ஆனால் அந்த ஒரு பற்றரி மற்ற மூன்றையும் விட ஒவ்வொரு நாளும் கூடுதலாக இறங்குகிறது. இரவில் சார்ஜர் மொத்த வோல்ட்டை மட்டுமே பார்க்கிறது. பலவீனமானது நிறையாமலே நிற்க, மற்ற மூன்றும் அளவுக்கு மிஞ்சிக் கொதிக்கின்றன. நாலு பேர் தூக்கும் சந்தூக்கில் ஒருவர் தோள் தளர்ந்தால் மற்ற மூவரின் நடையும் தடுமாறும் அல்லவா? சில மாதங்களில் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவுக்கு இரண்டு பிரிட்ஜ் வாங்கலாம்.

சரியான வழி, முழுத் தொகுதியின் இரு முனைகளில் இருந்தும் எடுத்து, 48 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வேட்டர் ஒன்றைப் போடுவது. தொகுதி 60 வோல்ட் என்றால் அதற்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும். 20 அம்பியர் கொடுக்கக் கூடிய, தண்ணீர் புகாத கன்வேட்டர் பாருங்கள். ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை நமது பக்கத்து மழை எப்படிப்பட்டதென்று சொல்லத் தேவையில்லை. பற்றரி முனைக்குப் பக்கத்திலேயே 10 அம்பியர் பியூஸ், பிரிட்ஜ் பக்கத்தில் 15 அம்பியர் பியூஸ். வயர் நாலு சதுர மில்லிமீற்றர் தடிப்பு, நீளம் மூன்று மீற்றருக்குள். கம்பிரஸர் கிளம்பும் நொடியில் கூடுதல் கரண்ட் இழுக்கும். வயர் மெல்லிசென்றால் அந்த நொடியில் வோல்ட் விழுந்து பிரிட்ஜ் நின்று விடும். "பிரிட்ஜ் பழுது" என்று கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன் வயரைப் பார்க்க வேண்டும்.

நல்ல குளிர்பெட்டிகளில், பற்றரி இறங்கினால் தானாக நின்று விடும் ஏற்பாடு மூன்று நிலைகளில் இருக்கும். வண்டியின் சின்னப் பற்றரியில் ஓட்டினால் அதை உயர்ந்த நிலையில் வையுங்கள். பெட்டி நின்றாலும் வண்டி எழும்பும். கன்வேட்டரிலோ தனிப் பற்றரியிலோ ஓட்டினால் தாழ்ந்த நிலை போதும்.

தனிப் பற்றரி என்றேன். வயர் வேலைக்கு நம்பகமான ஆள் கிடைக்காதவருக்கு நான் சொல்வது அதைத்தான். 500 வொட் மணி கொள்ளும் லிதியம் பெட்டிகள், சார்ஜரும் 12 வோல்ட் துவாரமும் சேர்த்தே விற்பனைக்கு வருகின்றன. இரவில் வீட்டுக் கரண்டில் போட்டு, காலையில் பிரிட்ஜோடு சேர்த்து வண்டியில் தூக்கி வைத்தால், நமது கணக்குப்படி இரண்டு நாள் ஓட்டத்துக்குக் காணும். வண்டியின் ஒரு வயரையும் தொட வேண்டியதில்லை, உத்தரவாதமும் கெடாது. வண்டியை விற்கும் போது பெட்டி நம்மிடமே இருக்கும். விலை கன்வேட்டரை விடப் பல மடங்கு என்பது உண்மைதான். ஆனால் கரண்ட் போன நாளில் கடைக்குள்ளும் அதுவே கை கொடுக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற போது டீப் பிரீசரில் இருந்த சரக்கை இழந்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும்.

பெட்டி குளிரைக் காக்கும், உண்டாக்காது

இன்னொரு தவறும் நடக்கிறது. அறுத்துச் சுத்தம் செய்த கோழியைச் சூடு ஆறுவதற்கு முன்னரே பெட்டிக்குள் போட்டு, "பிரிட்ஜ் இருக்கிறதே" என்று புறப்பட்டு விடுகிறார்கள். 20 கிலோ இறைச்சியை 30 பாகை குளிர வைக்க அரை யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். இவ்வளவு சின்னக் கம்பிரஸருக்கு அது பத்து மணித்தியால வேலை. அதற்குள் நீங்கள் வியாபாரம் முடித்து வீட்டுக்கே வந்து விடுவீர்கள். கோழியோ அந்தப் பத்து மணித்தியாலமும் கிருமி பெருகும் சூட்டிலேயே கிடந்திருக்கும்.

ஆகவே சரக்கை முதல் நாள் கடையின் பெரிய பிரீசரில் நன்றாகக் குளிர வைத்து எடுக்க வேண்டும். வெற்றுப் பெட்டியையும் இரவிலேயே வீட்டுக் கரண்டில் ஓட விட்டு, குளிர்ந்த பெட்டிக்குள் குளிர்ந்த சரக்கை அடுக்க வேண்டும். இடைவெளிகளில் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல் நாலைச் சொருகி விட்டால் கம்பிரஸரின் வேலை இன்னும் குறையும்.

பெட்டி வாங்கும் போது கம்பிரஸர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கம்பிரஸர் இல்லாமல் விசிறி மட்டும் சுற்றும் மலிவுப் பெட்டிகளும் "பிரிட்ஜ்" என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. அவை வெளி வெப்பத்தை விட 15, 20 பாகை மட்டுமே குறைக்கும். மூடிய வண்டி வெயிலில் நின்று உள்ளே 40 பாகை ஏறினால் பெட்டிக்குள் 20க்குக் கீழே இறங்காது. போதாததற்கு நிற்காமல் ஓடி, கம்பிரஸர் பெட்டியைப் போல இரண்டு மடங்கு கரண்டையும் எடுக்கும். காலையில் யோகட் மட்டும் எடுத்துக் கொண்டு டிக்கோயா வரை போய் இரண்டு மணித்தியாலத்தில் திரும்புகிறவருக்கு இந்தப் பெட்டியும் வேண்டாம், அந்தப் பெட்டியும் வேண்டாம். ஐஸ் போட்ட ரெஜிபோமே போதும்.

பார்மசி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டங்களில் இன்சுலின் பாவிக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். உறைந்தால் அது பயன்படாது. குளிர்பெட்டியின் உட்சுவரோடு ஒட்டி வைத்தால் உறைந்து விடக் கூடும். துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். கோழியோடு ஒரே பெட்டியில் வேண்டவே வேண்டாம்.

பெட்டியை வண்டியில் வைக்கும் போது, சூடு வெளியேறும் பக்கத்தில் ஒரு கையளவு இடைவெளி விட வேண்டும். சாக்கையும் மரக்கறிக் கூடையையும் அதன் மேல் சாத்தினால் கம்பிரஸர் ஓய்வில்லாமல் ஓடும். தோட்டப் பாதைக் குழிகளில் பெட்டி குதிக்காதபடி வார்ப்பட்டியால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். வண்டியின் உடலை வெட்டி நிரந்தரமாகப் பொருத்துவதாக இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக் கம்பனியிடமும் முதலில் கேட்டு விடுவது நல்லது. நடமாடும் இறைச்சி, மீன் வியாபாரத்துக்குப் பிரதேச சபை அனுமதி பற்றியும் விசாரித்து வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் எந்த வண்டியையும் மறித்துப் பார்க்கலாம். பெட்டிக்குள் ஒரு வெப்பமானி தொங்கினால் அவரோடு பேச்சு சுருக்கமாக முடியும்.

பெட்டி கைக்கு வந்ததும் நேரே தோட்டத்துக்கு ஏற்ற வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்காகக் கடை பூட்டும் நாளாகப் பார்த்து, தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி வண்டியிலேயே எட்டு மணித்தியாலம் ஓட விடுங்கள். மணிக்கொரு தடவை வெப்பமானியையும் பற்றரி அளவையும் கொப்பியில் குறியுங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, இரண்டு மணித்தியாலம் கழித்து மீண்டும் ஓன் செய்து பாருங்கள். எழும்பினால், இன்ஷா அல்லாஹ், அடுத்த சம்பள நாளுக்குக் கோழியோடு புறப்படலாம்.