காலை ஆறு மணி பாண்டிச்சேரியைப் பார்த்திருக்கிறீர்களா?

வெள்ளிக்கிழமை மாலை ஆனால் போதும். திருமுடிவாக்கம் சிட்கோவில் ஷிப்ட் முடிந்து கிளம்பும் பைக்குகளுக்கு நடுவே, பின்சீட்டில் பையும் தலையணையுமாகச் சில கார்கள் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர் பக்கம் திரும்பும். எங்கே என்று கேட்கவே வேண்டாம். பாண்டிதான்! மஞ்சள் சுவர் முன்னால் நாலு போட்டோ, பீச்சில் ஒரு ரவுண்டு. மற்றபடி என்ன செய்தார்கள் என்பதை வீட்டில் சொல்வதில்லை. ஞாயிறு இரவு பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து வீடு திரும்பிவிடுவார்கள்.

இவர்கள் கண்ணில் படாத ஒரு பாண்டிச்சேரி இருக்கிறது. அங்கேயே குடியிருப்பவர்கள் தினமும் அனுபவிப்பது. அதற்கு டிக்கெட் கிடையாது, சீக்கிரம் எழுந்தால் போதும்.

பீச் ரோடு என்று எல்லோரும் சொல்லும் சாலையின் பெயர் குபேர் சாலை. (குபேரனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாண்டியின் மேயராகவும் பிறகு முதலமைச்சராகவும் இருந்த எதுவார் குபேரின் பெயர் அது.) சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 மணி வரை அதில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அதனால் காலை ஆறு மணிக்கு நடுரோட்டில் பாட்டிகள் கதை பேசியபடி நடக்கிறார்கள். மூன்று சக்கர சைக்கிளில் பேரன் முன்னால் போக, தாத்தா பின்னால் பதறாமல் வருகிறார். ஹாரன் இல்லை, அலைச் சத்தம் மட்டும். தாம்பரம், பல்லாவரம் பக்கம் ஒரு கண் பஸ் மேலும் ஒரு கண் பள்ளத்தின் மேலும் வைத்து வாக்கிங் போகிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. பக்கத்திலேயே 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர் தலையில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சிவப்புத் தொப்பி. பார்த்துப் பழகிய ஊர்க்காரர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால், இந்தக் கடற்கரையில் பல வருடங்கள் மணலே இல்லாமல் இருந்தது தெரியுமா? 1980-களில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் அங்கேயே தங்கிவிட, வடக்கே இருந்த நகரத்துக் கரையைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. சாலையைக் காப்பாற்றக் கருங்கற்களைக் கொட்டினார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கால் நனைக்காமல், கல் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்தே வளர்ந்தார்கள்.

மணல் திரும்பியதில் நம் தென்சென்னைக்கும் பங்கு உண்டு. பள்ளிக்கரணையில் இருக்கிறதே தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், அவர்கள்தான் 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் முக்கோண வடிவ எஃகு அமைப்பு ஒன்றை மூழ்கடித்தார்கள். அலையின் வேகத்தை உடைக்கும் செயற்கைத் திட்டு அது. மெல்ல மணல் சேர்ந்தது. இப்போது அங்கே குழந்தைகள் மணல் வீடு கட்டுகிறார்கள். வடக்கே இருக்கும் மீனவக் குப்பங்களில் மட்டும் அரிப்பு நின்றபாடில்லை. பாண்டிக்கு பீச் திரும்பிவிட்டது என்று அங்கே போய்ச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கடற்கரையை விட்டு உள்ளே வந்தால் பாரதி பூங்கா. நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். பார்த்தால் ஐரோப்பியக் கட்டடம், பெயரோ ஒரு தமிழ்ப் பெண்ணுடையது. விஜயநகர அரசர் ஒருவர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் மின்னிய மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொல்லிவிட்டார். ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், உப்புத் தண்ணீரால் தவித்த நகரத்துக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாக எழுந்த மண்டபத்துக்கு அவள் பெயர். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதே மண்டபம்தான். இடிக்கச் சொன்ன ராஜாவுக்கு அந்த ஊரில் ஒரு பெயர்ப்பலகைகூடக் கண்ணில் படுவதில்லை!

பிரெஞ்சு இங்கே சுவரில் மட்டும் இல்லை, பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிராமங்களுக்கு 'கொம்யூன் பஞ்சாயத்து'. பழைய நகராட்சிக் கட்டடம் 'மேரி'. 2014 மழையில் இடிந்து விழுந்த அதை, அதே உருவத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர் 'சொல்தா'. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு இன்றும் பாண்டியில் ஓட்டுப் போடுகிறார்கள். ஜூலை 14 அன்று போர் நினைவுச் சின்னத்தில் மாலை வைத்து, இரண்டு நாட்டு தேசிய கீதமும் பாடுகிறார்கள்.

மாலை வேளையில் மண் தரையில் லுங்கியும் பேன்ட்டுமாகச் சிலர் இரும்புக் குண்டு வீசிக்கொண்டிருந்தால், நின்று பாருங்கள். அது பெத்தாங்க். சின்ன மரக்குண்டு ஒன்றை முதலில் எறிந்துவிட்டு, அதற்குக் கிட்டத்தில் யார் குண்டு போய் நிற்கிறது என்று பார்க்கும் பிரெஞ்சு ஆட்டம். கோலி விளையாடிய கைக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். சண்டையும் கோலி மாதிரிதான். எது கிட்டத்தில் என்று குனிந்து அளப்பார்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பாட்டிலும் இதே கலப்படம். காலையில் பேக்கரியில் நீளமான பகெட் ரொட்டி, எதிரிலேயே இட்லிக் கடை. பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்கு வேலைக்குப் போன பாண்டிக் குடும்பங்கள் கொண்டுவந்த வியட்நாம் ரோல், சில வீடுகளில் இன்றும் விசேஷப் பலகாரம். பதிலுக்கு இங்கிருந்து போனது தாளிப்பு வடகம்! பிரான்ஸில் அதன் பெயர் 'வடுவான்'. மாடியில் காய்ந்த நம் வெங்காய வடகம், அங்கே பெரிய ரெஸ்டாரன்ட் சமையல்காரர்களின் அலமாரியில் இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் ஊர்க்காரர்களுக்கு ஒரு குறை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பாட்டியும் பேரனும் குடியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக ஹோட்டலும் கஃபேயுமாக மாறிவருகின்றன. சனிக்கிழமை வந்தால் சொந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. வாசல்படியில் முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள். வாய்க்காலுக்கு மேற்கே திண்ணை வைத்த தமிழ் வீடுகள் உள்ள வைசியாள் வீதி, புனரமைப்புக்காக 2008-ல் யுனெஸ்கோ விருது வாங்கியது. அங்கே கூட்டம் குறைவு. கீழ்த்தளம் தமிழ்த் திண்ணையும் மரத் தூணும், மாடி பிரெஞ்சு வளைவு ஜன்னலுமாக நிற்கும் வீடுகளை நிதானமாகப் பார்க்கலாம். வாசலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு போட்டோ எடுங்கள்.

முடிந்தால் வாரநாளில் போங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாக பஸ் வந்துகொண்டே இருக்கும். முதல் நாள் இரவே போய்ச் சேர்ந்து, சீக்கிரம் படுத்துவிடுங்கள். காலை ஏழரைக்குத் தடுப்பை ஓரமாக நகர்த்திவிடுவார்கள். முதல் பைக் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வரும்போது, நடுரோட்டில் கதை பேசிக்கொண்டிருந்த பாட்டிகள் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள்.