ஊர்க் கணக்கைப் படிக்கும் வகுப்பறை

ஒரு நிகழ்வு நடந்த காலத்திலேயே, அதோடு தொடர்புடையவர்கள் விட்டுச்சென்ற பதிவை முதன்மைச் சான்று என்பர். காவிரிப் படுகையில் இதைத் தேடி மாணவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேடும், புலப்படம் என்னும் நில அளவை வரைபடமும் இருக்கின்றன. பள்ளியிலேயே பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. ஆனாலும் சோழர் பாடத்தில் அரசர்களின் வரிசையைப் படிக்கும் மாணவர் தம் ஊரை அதில் காண்பது அரிது.

தொடங்குவதற்கு நல்ல இடம் தஞ்சைப் பெரிய கோயில். முதலாம் இராஜராஜன் அக்கோயிலுக்கு எந்தெந்த ஊர்களின் வருவாயை ஒதுக்கினான் என்பது அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அந்த வாசகம் அச்சில் கிடைப்பதால், பழைய எழுத்தைப் படிக்கத் தெரியாத ஆசிரியரும் அதை வகுப்புக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு ஊரின் மொத்த நிலமும் முதலில் சொல்லப்படுகிறது. பிறகு ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு என வரி இல்லாத நிலமெல்லாம் கழிக்கப்படுகிறது. மீதி நிலத்துக்குத்தான் காணிக்கடன் என்னும் நிலவரியாக நெல்.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இருபது மா ஒரு வேலி, நான்கு காணி ஒரு மா, நான்கு முந்திரிகை ஒரு காணி. தஞ்சை விவசாயி இன்றும் ‘மூணு மா நடவு’ என்றுதான் சொல்கிறார். இன்றைய வழக்கில் ஒரு மா 33 சென்ட். ஆனால் அளவுகோல் காலத்துக்குக் காலம் மாறியதால் சோழர் கால மாவையும் இன்றைய மாவையும் அப்படியே சமன் செய்ய முடியாது. சான்றை எச்சரிக்கையோடு கையாளும் முதல் பாடம் இது.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. அந்தக் கல்வெட்டில் பறைச்சேரி என்ற இடம் வருகிறது. அங்கே குடியிருந்தவர்களின் கூலியோ வாழ்க்கையோ வருவதில்லை. வரி வருவாய்க்காக எழுதிய கணக்கில் அதற்கு இடமில்லை. யார், யாருக்காக, எதற்கு எழுதினார்கள் என்ற கேள்வி இங்கே தானாகவே எழுகிறது.

நூறாண்டுக்கு முன்பே மாணவர்களைக் கொண்டு ஊரை ஆராய்ந்த முன்னோடி முயற்சி ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், சொந்த ஊரைப் பற்றி விசாரித்து எழுதும்படி தம் மாணவர்களைத் தூண்டினார். 1918இல் வெளியான அந்தத் தொகுப்பில் தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் ஒன்று. இன்று அது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, என்ன பயிர் என்பன போன்ற கேள்விகளோடு 1930களில் தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும், 1980களில் எஸ். குகனும் அதே ஊரை மறுபடி ஆராய்ந்தார்கள். தலைமுறைகளைத் தாண்டி ஒப்பிடக்கூடிய வரலாறு ஒரு சிற்றூருக்குக் கிடைத்தது. பள்ளி மாணவர்களும் இத்தகைய கேள்விகளோடு தங்கள் தெருவில் இறங்கலாம்.

எழுத்தில் ஏறாததற்கு வாய்மொழிதான் வழி. நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு உழைக்கும் பண்ணையாள் முறையில் வேலை செய்தவர்கள், 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே. பிள்ளைகளிடம் அவர்கள் சொன்னவை இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. வயதானவர்கள் ஆண்டைச் சொல்வதில்லை, ‘புயல் அடிச்ச வருஷம்’ என்பார்கள். அது 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலா, பிந்தைய புயல் ஒன்றா என்று பதிவுகளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியும் இதே படுகையில்தான் இருக்கிறது. இத்தகைய நினைவுகள் வலி தருபவை; எனவே கேட்பதற்கு முன் அனுமதி பெறுவதும், சொல்ல மனமில்லாதவரை வற்புறுத்தாமல் விடுவதும் கட்டாயம். சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள சாதி விவரமோ இன்னாரின் பெயரோ வகுப்பில் வாசிக்கப்படக் கூடாது.

பள்ளி மாணவர்களால் இது முடியுமா என்ற ஐயம் தேவையில்லை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் மாணவர்கள் கல்வெட்டு படிக்கவே பழகியிருக்கிறார்கள். தேர்வுச் சுமைக்கு நடுவே பருவத்துக்கு ஒரே ஒரு சான்று போதும். ஒரு வாய்க்காலின் பெயரைக் கல்வெட்டிலும் புலப்படத்திலும் பெரியவர்களின் பேச்சிலும் தேடி ஒரு பக்கம் எழுதினாலே அது முறையான ஆய்வு. எங்கே கிடைத்தது, யார் சொன்னது, எந்தத் தேதியில் என்ற மூன்றும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு படி பள்ளி நூலகத்திலும் இன்னொன்று ஊர் நூலகத்திலும் இருந்தால், பத்தாண்டு கழித்து வரும் வகுப்பு அதே கேள்விகளை மறுபடி கேட்டு ஒப்பிட முடியும்.