புள்ளி போன மண்டைக்காடு

ஒரு வலைத்தளத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மாற்றும்போது, ஆங்கிலத் தளத்துக்கு அதிகம் வராத ஒரு நோய் தமிழ்த் தளத்துக்கு வரும். படங்கள் இருக்கும், பக்க அமைப்பு இருக்கும், தேதிகூட சரியாக இருக்கும். எழுத்து மட்டும் இருக்காது. அது இருந்த இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏயும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறியும் மாறி மாறி வரிசை கட்டி நிற்கும்.

இரண்டு வாரமாக இந்தத் தளமும் அப்படித்தான் கிடந்தது. என்னாச்சு என்று கேட்டு எழுதிய நண்பர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நீளமான குறிப்பு. இதே சிக்கலில் மாட்டிய வேறு யாருக்காவது பயன்படலாம்.

முதலில் அந்த ஏயும் ஆரும் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ‘க’ என்பது 224, 174, 149. ‘ம’ என்பது 224, 174, 174. உயிர்மெய்யில் வரும் கால், கொம்பு, புள்ளி எல்லாமே தனித்தனிக் குறிகள். ஆகவே ‘மண்டைக்காடு’ என்ற நம்ம ஊர்ப் பெயர் பதினொரு குறி, 33 பைட். தமிழ் முழுவதும் முதல் பைட் 224தான். இரண்டாவது 174 அல்லது 175. இதை மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறையான லத்தீன்-1 என்று நினைத்துப் படித்தால் 224 சாய்கோடு போட்ட ஏ ஆகிவிடும், 174 வட்ட ஆர் ஆகிவிடும். அவ்வளவுதான். எழுத்து அழியவில்லை, தப்பாக வாசிக்கப்படுகிறது.

யார் தப்பாக வாசிப்பது? பழைய மைஎஸ்க்யூஎல். உப்சாலாவில் தொடங்கிய ஸ்வீடன் நிறுவனத்தின் தயாரிப்பு அது. அதனால் வேறு ஏதும் சொல்லாவிட்டால் லத்தீன்-1 எழுத்துமுறை, ஸ்வீடிஷ் அகரவரிசை என்று எடுத்துக்கொள்ளும். 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் இது மாறியது. வேர்ட்பிரஸ்ஸில் எழுத்துமுறையைக் குறிப்பிடும் வசதியே 2007 மே மாதம் வெளியான 2.2இல்தான் வந்தது. அதற்கு முன் தொடங்கிய தமிழ் வேர்ட்பிரஸ் தளங்கள் பலவற்றில், தமிழ் பைட்டுகள் லத்தீன்-1 என்று பெயர் ஒட்டிய அட்டவணைக்குள் கிடக்கின்றன. நாஞ்சில் நாட்டுக் குறிப்புகள் ஸ்வீடன் அகரவரிசையில்! இந்தத் தளத்தின் பழைய பகுதியும் அந்த ரகம்.

பிறகு எப்படி இத்தனை வருஷம் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது? இரண்டு தப்பு ஒன்றையொன்று சமன் செய்ததால். அட்டவணை லத்தீன் என்றது, இணைப்பும் லத்தீன் என்றது. எனவே மைஎஸ்க்யூஎல் எதையும் மாற்றாமல், போட்ட பைட்டை அப்படியே எடுத்துத் தந்தது. உலாவி அதை யுடிஎஃப்-8 என்று படித்துத் தமிழாகக் காட்டியது. புதிய சர்வரில் இணைப்பு யுடிஎஃப்-8. இப்போது மைஎஸ்க்யூஎல் நேர்மையாக வேலை செய்யத் தொடங்கும். லத்தீன் எழுத்து என்று நம்பி ஒவ்வொரு பைட்டையும் யுடிஎஃப்-8க்கு மொழிபெயர்க்கும். மூன்று பைட் ‘க’ ஏழு பைட் ஆகும். டம்ப் கோப்பில் தமிழ்ப் பகுதியின் அளவு இரண்டு மடங்குக்கு மேல் வீங்கியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை எதுவும் கெடவில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய சர்வர் உயிரோடு இருந்தால், எழுத்துமுறை லத்தீன்-1 என்று வெளிப்படையாகச் சொல்லி மறுபடி டம்ப் எடுங்கள். அப்போது மொழிபெயர்ப்பு நடக்காது. கோப்பில் லத்தீன்-1 என்று வரும் அறிவிப்புகளை யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றிப் புதிய சர்வரில் ஏற்றினால் முடிந்தது. பழையது போய், வீங்கிய டேட்டாபேஸ் மட்டும்தான் கையில் என்றாலும் வழி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லுக்கு உள்ளேயே அந்த நெடுவரிசையை முதலில் லத்தீன்-1 ஆக்கி, அதை வெறும் பைனரி ஆக்கி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 ஆக்க வேண்டும். பைனரி படியைத் தாண்டிப் போகக்கூடாது. எதைச் செய்தாலும் ஒரு நகலில் செய்யுங்கள்.

கெடுவது இந்த இடத்துக்குப் பிறகு, யாராவது வெளியே வைத்துச் ‘சரிசெய்யும்’போது.

லத்தீன்-1 என்று எல்லாரும் சொல்வது நடைமுறையில் விண்டோஸ்-1252 என்ற பட்டியல். அதில் ஐந்து இடம் காலி: 129, 141, 143, 144, 157. மைஎஸ்க்யூஎல் இந்த ஐந்தையும் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தரும். மற்ற பல நிரல்கள் தராது; கேள்விக்குறி போடும், இல்லையென்றால் தூக்கி எறியும். பிரெஞ்சுக்காரருக்கோ ஜெர்மன்காரருக்கோ இதனால் பெரிய நட்டம் இல்லை. தமிழுக்கு? புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. ‘ஏ’ 143, ‘ஐ’ 144. காலியான ஐந்தில் நான்கு நம் தலையில் விழுகிறது. அதிலும் தமிழில் புள்ளியில்லாமல் ஒரு வரி எழுதிப் பாருங்கள்!

இந்தத் தளத்தை மாற்றிக் கொடுத்த நிறுவனம், பெயர் வேண்டாம், மூன்றாம் நாள் ‘சரிசெய்துவிட்டோம்’ என்று ஒரு கோப்பு அனுப்பியது. திறந்தால் ‘மணடைககாட’. இரண்டு புள்ளியும் ஒரு உகரமும் போய்விட்டன. எறிவதற்கு முன் இருந்த கோப்பைக் கேட்டு வாங்கினேன். அதில் அந்த இடங்களில் கேள்விக்குறியாவது மிச்சம் இருந்தது. அதற்குள் பழைய சர்வரைத் துடைத்துவிட்டிருந்தார்கள். மாதாமாதம் நான் எடுக்கும் நகலிலிருந்து மற்றதெல்லாம் வந்துவிட்டது. கடைசி நகலுக்குப் பின் ஏற்றிய பதினொரு குறிப்புகள்தான் மாட்டிக்கொண்டன.

சர்வர் மாற்றத்தில் இழப்பது புதிய கதை இல்லை. மைஸ்பேஸ் தளத்தில் 2015க்கு முன் ஏற்றிய பாடல்களும் படங்களும் ஒரு சர்வர் மாற்றத்தில் போய்விட்டன என்பது 2019 மார்ச்சில் வெளியே தெரிந்தது. போனவை ஐந்து கோடிப் பாடல்கள் என்று அப்போது செய்தி வந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் மீட்டுக் கொடுத்தது சுமார் ஐந்து லட்சம். அதே ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் என் பதினொன்றில் மூன்று கிடைத்தன. அதில் எடுக்கும்போது, முகவரியில் உள்ள தேதி எண்ணை ஒட்டி ஐ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு அடிக்கோடும் சேர்த்தால், அவர்கள் சேர்த்த பட்டை இல்லாமல் மூலப் பக்கம் அப்படியே வரும். இன்னும் இரண்டு, மின்னஞ்சலில் பதிவு பெறும் ஒரு வாசகரிடம் இருந்தன. மீதி ஆறு.

இங்கேதான் இலக்கணம் கைகொடுத்தது. கேள்விக்குறி உள்ள இடம் புள்ளியா உகரமா, இரண்டில் ஒன்று. ‘க’வுக்கும் ‘கா’வுக்கும் நடுவே என்றால் புள்ளி. வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது என்பது தொல்காப்பிய காலத்து விதி, ஆகவே கடைசி ‘ட’வில் என்றால் உகரம். ‘பைட்’, ‘சாக்பீஸ்’ மாதிரி இறக்குமதிச் சொற்களைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். இப்படிச் சில விதிகளை வைத்துச் சின்ன நிரல் எழுதினேன். கட்டுரை நடையில் உள்ள பகுதி அனேகமாக முழுசாகத் திரும்பிவிட்டது. ‘கண்’ணா ‘கணு’வா என்று நிற்கும் இடத்தில் வாக்கியம் சொல்லிவிடும்.

வாய்ப்பேச்சில் இந்த விதி கைவிட்டது. ஆறில் ஒன்று, பஸ் வராத காலத்தில் மாசிக் கொடைக்கு நடந்து வந்ததைப் பற்றி ஒரு பாட்டி சொன்னதைச் சொன்னபடியே எழுதிய குறிப்பு. அவர் ‘ஊர்’ என்றாரா ‘ஊரு’ என்றாரா? ‘நாள்’ என்றாரா ‘நாளு’ என்றாரா? இரண்டும் நம்ம பக்கத்தில் ஒரே ஆள் வாயில் வரும். எந்த இடத்தில் எது வருகிறது என்று பார்க்கத்தான் அந்தக் குறிப்பையே எடுத்தது. கேட்டுத் திருத்த அவர் இன்று இல்லை. கையெழுத்து நோட்டில் பாதி இருந்தது. நோட்டில் இல்லாத பகுதியில் 38 இடங்களை நிரப்பாமல் சதுர அடைப்புக்குறியில் ‘ர்/ரு’, ‘ள்/ளு’ என்று விட்டிருக்கிறேன். படிக்க இடறும். ஊகித்து நிரப்பியிருந்தால் அழகாக இருந்திருக்கும், ஆனால் அது என் பேச்சாக ஆகியிருக்கும்.

மற்ற சில்லறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகப்பு திறந்து உள்பக்கம் எல்லாம் ‘404’ என்றால், பெயரில் புள்ளியோடு தொடங்கும் எச்டிஅக்சஸ் என்ற மறைகோப்பு நகலெடுக்கும்போது விடுபட்டிருக்கும். புதிய சர்வர் என்ஜின்எக்ஸ் என்றால் அந்தக் கோப்பு இருந்தும் பயனில்லை, விதிகளை அதன் அமைப்பில் தனியாக எழுத வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் ‘யுடிஎஃப்8’ என்பது மூன்று பைட் வரைதான் தாங்கும். 2019இல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகள், கிரந்தம், எமோஜி எல்லாம் நான்கு பைட். காணி, முந்திரிக் கணக்குக்கு அந்தக் குறிகளைப் பயன்படுத்தினால் அமைப்பைப் பொறுத்து அந்த இடத்தோடு கட்டுரையே வெட்டுப்படலாம். அதனால்தான் மேலே எம்பி4 என்று அழுத்திச் சொன்னேன். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி பக்கங்கள் வைத்திருப்பவர்கள் இன்னொன்று பார்க்க வேண்டும். புதிய சர்வர் எல்லாப் பக்கத்துக்கும் யுடிஎஃப்-8 என்று தலைப்பு அனுப்பினால், பக்கத்துக்குள் நீங்கள் எழுதிய அறிவிப்பு செல்லாது.

இப்போது தளத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பதிவு போட்டிருக்கிறேன். அதில் ஒரே வரி: ‘ஏழு ஐந்து கண் கணு மண்டைக்காடு’, கடைசியில் ஒரு முந்திரிக் குறி. தளத்தில் எதை மாற்றினாலும் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான். அந்த ஆறு குறிப்புகளில் ஏதாவது மின்னஞ்சலில் உங்களுக்கு வந்திருந்தால், முக்கியமாக மாசிக் கொடை குறிப்பு, தயவுசெய்து அப்படியே முன்னனுப்புங்கள். நகலெடுத்து ஒட்ட வேண்டாம்.