அட்டையை அவிழ்த்துவிட்டு ரசீதை எடுங்கள்

களியக்காவிளையைத் தாண்டினால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பது பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2023 ஏப்ரலில் கேரள அரசு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்ட பிறகு அந்த வித்தியாசம் இன்னும் உறைத்தது. இப்படிக் காசு எண்ணி எரிபொருள் போடுகிற ஊரில், காரின் முன் கிரில்லை ஃப்ளெக்ஸ் துண்டாலோ அட்டையாலோ மூடிக் கட்டினால் மைலேஜ் கூடும் என்ற யோசனை சுலபமாக எடுபடும். எடுபடக் கூடாது. எஞ்சினுக்கு வரும் கேடு ஒருபுறம் இருக்கட்டும்; மைலேஜ் விஷயத்தில் உண்மையாகவே ஏமாற்றப்பட்டவருக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழியையும் அதே அட்டை அடைத்துவிடும்.

இந்த வித்தை குளிர் நாடுகளில் பிறந்தது. பனிக்காலத்தில் அங்கே எஞ்சின் சூடேறவே நேரம் பிடிக்கும். நீண்ட சாலையில் வேகமாக ஓடும்போது கிரில்லுக்குள் புகும் காற்றும் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதில் கால் பங்குதான் 40இல் இருக்கும். பாலராமபுரம் நெரிசலில் ஊர்ந்து போகிற வண்டிக்கு மிச்சம் பிடிக்க அங்கே காற்றே இல்லை. ஆனால் சூடு இருக்கிறது. கிரில்லுக்குப் பின்னால் முதலில் நிற்பது ஏ.சி. கண்டென்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் காற்றை மறித்தால் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும், ஃபேன் நிற்காமல் சுற்றும். இரண்டுக்கும் வேண்டிய சக்தி அதே பெட்ரோலிலிருந்துதான் வரும். சில கம்பெனிகளே கிரில்லை மூடித் திறக்கும் ஷட்டர் வைக்கின்றனவே என்று கேட்கலாம். வைக்கின்றன, சூடு ஏறினால் கம்ப்யூட்டர் அதைத் திறந்துவிடும். டை போட்டு இறுக்கிய ஃப்ளெக்ஸை ஓடுகிற வண்டியில் யார் திறப்பது? கீழ்ப்பாதியை மட்டும் மூடுகிறேன் என்பதும் சமாதானம் ஆகாது. இப்போதைய பல கார்களில் காற்று பெரும்பாலும் நுழைவதே கீழ்த் திறப்பு வழியாகத்தான். சூட்டைக் காட்ட முள் இல்லாமல் வெறும் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டிகளில், விளக்கு எரியும்போது ஹெட் கேஸ்கெட்டே போயிருக்கலாம். அப்படி எரிந்தால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் நீர் முகத்தில்தான் அடிக்கும்.

மைலேஜ் நிஜமாகவே குறைவா? அதற்கு மருந்து காகிதத்தில் இருக்கிறது. ஃபோர்டு கிளாசிக் டீசல் காருக்கு லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்று விளம்பரம். நிபுணர் சோதித்தபோது கிடைத்தது 19.6. திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022இல் வண்டி வாங்கியவருக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அங்கே வழக்கைத் தாங்கி நின்றது அந்தச் சோதனை. உங்கள் வண்டியில் அட்டை கட்டிய தடம் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்: வண்டியை இவரே மாற்றினார், குறை எங்களுடையதல்ல. ஆகவே முதலில் அட்டையைக் கழற்றுங்கள். ஒரே பெட்ரோல் பங்கில் ஃபுல் டேங்க் போட்டு, அடுத்த ஃபுல் டேங்க் வரை ஓட்டி, குறைந்தது மூன்று முறை கணக்கெடுங்கள். ஒவ்வொரு முறையும் பில்லும் ஓடோமீட்டர் படமும் வேண்டும். அளவிலேயே சந்தேகம் என்றால் பங்கில் 5 லிட்டர் அளவைக் கலத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு; கேட்க வெட்கப்பட வேண்டாம். சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வருவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மைலேஜ் குறைவு என்ற உங்கள் புகார் ஜாப் கார்டில் எழுத்தில் ஏற வேண்டும், நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். சோதனைக்கூடத்தில் எடுத்த மைலேஜைவிடச் சாலையில் கொஞ்சம் குறைவது இயல்பு. அந்தக் கொஞ்சத்துக்காக வழக்குப் போட்டால் நிற்காது.

மார்த்தாண்டத்தில் வாங்கிய வண்டிக்கு நாகர்கோவிலில்தான் வழக்கு என்று எல்லைக்காரர்கள் இன்றும் நம்புகிறார்கள், அங்கங்கே சொல்லியும் அனுப்புகிறார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றிவிட்டது. குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். பாறசாலைக்காரருக்குத் திருவனந்தபுரம் வழுதக்காட்டில் உள்ள மாவட்ட ஆணையம், களியக்காவிளைக்காரருக்கு நாகர்கோவில். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்து, அந்தப் பதிவு எண்ணையும் கோப்பில் சேருங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று அட்டை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் சூடாகிப் பிடித்துக்கொண்டால் அது இயந்திரக் கோளாறு. சாதாரண வாகன பாலிசி அதற்குப் பணம் தராது. தீ விபத்து போன்றவற்றில் க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியிடம் முறையீடு கொடுத்து ஒரு மாதம் பொறுங்கள். பதில் இல்லை அல்லது சரியில்லை என்றால் ஓராண்டுக்குள் கொச்சியில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுப் பக்கத்தவருக்குச் சென்னை. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அந்த ஓராண்டை ஏஜென்ட் வீட்டுக்கு நடந்தே தீர்த்துவிடாதீர்கள்.