பிச்சாவரத்துப் பூஞ்சைகள்

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிறவர்கள் படகில் ஏறி அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பூஞ்சை ஆராய்ச்சியாளருக்கு அங்கே வேண்டியது அந்தக் காட்டுச் சுரபுன்னை மரத்தின் பழுதில்லாத இலைகள்.

அந்த இலைகளை ஆல்கஹாலிலும் பிளீச்சிங் கரைசலிலும் முக்கியெடுத்தால் மேலே ஒட்டிய கிருமிகள் ஒழியும். பிறகு துணுக்குகளாக நறுக்கி, அகர் கூழின்மேல் வைப்பார்கள். சில நாளில் வெட்டுவாயிலிருந்து நூல்நூலாகப் பூஞ்சை கிளம்பும். இலைக்கு நோய் தராமல் உள்ளேயே குடியிருந்த பூஞ்சை அது. சென்னை விவேகானந்தா கல்லூரி ஆய்வாளர்கள் பிச்சாவரத்தின் இரண்டு சுரபுன்னை இனங்களை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட முடிவு: கோடையைவிட மழை மாதங்களில்தான் பூஞ்சை அதிகம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தையொட்டி இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் இத்தகைய தேடல் நடந்திருக்கிறது.

இந்தப் பூஞ்சைகளில் தேடுவது கிருமிகளை அடக்கும் மருந்தை. கடலோரத்தில் போய் மருந்து தேடுவானேன் என்று கேட்கலாம். முன்பே ஒருமுறை கிடைத்திருக்கிறது. 1945-இல் இத்தாலியின் காலியாரி நகரில், சாக்கடை கடலில் கலக்கும் இடத்து நீரிலிருந்து ஜுசெப்பே புரோட்சு ஒரு பூஞ்சையைப் பிரித்தார். டைபாய்டு கிருமியை அது அடக்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்டு ஆபிரகாமும் கை நியூட்டனும் அதிலிருந்து பிரித்தெடுத்த செஃபலோஸ்போரின்தான் இன்றைய பெரிய ஆன்டிபயாட்டிக் குடும்பம் ஒன்றுக்கு மூலம்.

ஒரு பூஞ்சை கிருமியை அடக்குமா என்று பார்க்கும் சோதனை எளிது. சீழ் உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைத் தட்டில் பூசி, பூஞ்சைச் சாற்றில் நனைத்த காகித வில்லையை நடுவில் வைக்கிறார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரிந்தால் பாக்டீரியா அங்கே வளரவில்லை என்று பொருள். பலர் இந்த வளையத்தோடு கட்டுரையை முடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், வேலையே அதற்கப்புறம்தான். கிடைத்தது பழைய பென்சிலினாகவே இருக்கலாம். நம் உடல் செல்களையும் கொல்லும் நஞ்சாக இருக்கலாம். ஆய்வகத்தில் சில தலைமுறை வளர்ந்தபின் பூஞ்சை அந்தப் பொருளைச் சுரக்காமலே போகலாம்.

பிச்சாவரத்துப் பூஞ்சையிலிருந்து எந்த ஆன்டிபயாட்டிக்கும் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. கடையில் இருக்கும் செஃபிக்சிம், புரோட்சுவின் பூஞ்சை வழி வந்த மாத்திரை. சளி வைரஸால் வருவது, பாக்டீரியாவால் அல்ல. அதற்கு அந்த மாத்திரையை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கி விழுங்காதீர்கள்.